டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்!

வீட்டைக் காலி செய்யும்போது முதலில் வெளியே போவது எது? தாத்தாவின் டிரங்குப் பெட்டிதான்!

துருப்பிடித்த தகரப் பெட்டி. திறந்தால் பூச்சி வாடை. உள்ளே என்ன இருக்கிறது? மடித்து மடித்துக் கிழிந்த பட்டா. தீர்வை கட்டிய ரசீது. பழைய ரேஷன் கார்டு. பூண்டு மண்டியில் எழுதிக் கொடுத்த சீட்டு. யார் என்றே தெரியாத நாலு பேர் நிற்கிற போட்டோ.

"இந்தக் குப்பை எதற்கு?" என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டு விடுகிறோம். கையில் சில ரூபாய் கிடைக்கிறது. அது நஷ்ட வியாபாரம் என்கிறோம் நாம்.

கொடைக்கானல் போனவர்கள் ஏரியைப் பார்த்திருப்பார்கள். 1863-ல் அந்த ஏரியை உண்டாக்கியவர், மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை. 1872-ல் போட்ட நடைபாதைக்கு கோக்கர் என்ற ராணுவ அதிகாரியின் பெயர். அதற்கும் முன்னால், 1845-ல், அமெரிக்கப் பாதிரிமார் வந்து வீடு கட்டினார்கள். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

சரி, இவர்கள் மலைக்கு எப்படி வந்தார்கள்? பறந்தா வந்தார்கள்?

மோட்டார் ரோடு வந்தது முதல் உலகப்போர் காலத்தில்தான். அதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து குறுகலான மலைப்பாதை. குதிரையில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் டோலி. துரைசானி அம்மாள் உட்கார்ந்திருப்பார். நம் ஆட்கள் தோளில் சுமந்து கொண்டு ஏறுவார்கள். மூட்டை முடிச்சுகள் எல்லாம் தலைச்சுமைதான். குளிரிலும் மழையிலும் ஏறினார்கள். கோக்கர் பெயரில் நடைபாதை இருக்கிறது. டோலி தூக்கியவர் பெயரில் ஒரு சந்தாவது இருக்கிறதா?

அந்தப் பெயர் எங்காவது இருந்தால், அவருடைய பேரன் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். அதைத்தான் நாம் எடைக்குப் போடுகிறோம்!

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூர் இருக்கிறது. அங்கே ஏசு சபைப் பாதிரிமார் நடத்தும் காட்சிசாலையைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்திருக்கலாம். செடி கொடி, பறவை, பூச்சி எல்லாம் வைத்திருக்கிறார்கள். அந்த மடத்தில் இருந்த ஆங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் பழனி மலை முழுவதும் அலைந்தார்கள். எதைத் தேடி? கல்திட்டைகளை! நாலு பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்தது கல்திட்டை. பழங்காலத்தார் இறந்தவர்களுக்காக அமைத்தது. பல ஊர்களில் அதைக் 'குள்ளர் வீடு' என்பார்கள். அங்கே கிடைத்த பானை ஓட்டைக்கூட அவர்கள் விடவில்லை. எல்லாவற்றையும் அளந்து, படம் வரைந்து எழுதினார்கள். 1928-ல் தொல்பொருள் இலாகா அதைப் புத்தகமாக வெளியிட்டது. இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

உடைந்த பானையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்று ஓர் ஊர். 2009-லும் 2010-லும் பேராசிரியர் கா.ராஜன் அங்கே தோண்டினார். ஒரு ஜாடிக்குள் நெல் இருந்தது. சுமார் 2 கிலோ! சோதித்துப் பார்த்ததில் கி.மு. 490 என்று காலம் வந்தது. யாரோ ஒருவர் வீட்டு நெல், 2,500 வருஷம் கழித்து நம்மோடு பேசுகிறது.

இன்னொன்று. கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தில் 1904-ஆம் ஆண்டில் இருந்து சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். மேகம் மறைக்காத நாளெல்லாம் ஒரே வேலை, ஒரே சூரியன். பார்ப்பவருக்கு அலுப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கண்ணாடித் தகடுகளை ஒருவரும் குப்பையில் போடவில்லை. இன்று அவை கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு, நூறு ஆண்டுச் சூரியனின் கதையைச் சொல்கின்றன. அன்று அலுப்பு, இன்று பொக்கிஷம்.

இதெல்லாம் படித்தவர் சமாச்சாரம் என்று எண்ணி விடாதீர்கள். பழனி மலையில் பழைய காகிதம் என்பது சோற்றுப் பிரச்சினை.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்கிற பளியர் போன்ற பழங்குடியினர், 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பே அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 2013-ல் கொடைக்கானல் காடுகள் வனவிலங்கு சரணாலயமாகவும் ஆகி விட்டன. ஆகவே, "இது எங்கள் இடம்" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது.

சான்றாக எதைக் காட்டலாம்? ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது. கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம். வம்சாவளி. ஊர்ப் பெரியவர் சொல்லி, எழுதி வாங்கிய வாக்குமூலம். சட்டத்தின் விதிகளே இவற்றைச் சொல்கின்றன. ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். இப்போது சொல்லுங்கள், அந்த டிரங்குப் பெட்டி குப்பையா?

2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு மனுப் போடும்போதும், "நெடுநாளாக இங்கே விளைகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்றுதான் கேட்பார்கள்.

மலையில் காகிதத்துக்கு எதிரி பனி மூட்டம். ஈரம் ஏறினால் பூஞ்சைக் காளான் பிடிக்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். தரையிலும் வேண்டாம். நனைந்த காகிதத்தை நிழலில் காய வைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். கிழிசலை டேப் போட்டு ஒட்டினால் கொஞ்ச நாளில் கறை பிடித்து எழுத்தே மறைந்து விடும். செல்போனில் ஒரு படம் எடுத்து வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்புங்கள். போட்டோவுக்குப் பின்னால் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். பேனா வேண்டாம், பென்சிலால் மெல்ல எழுதுங்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி போன்ற ஊர்களின் பள்ளிக்கூடங்களில் ஆளுக்கொரு பீரோ கொடுத்தால் என்ன? மக்கள் கொண்டு வருவதைப் படம் எடுத்து, மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்து விடலாம். பறித்துக் கொண்டு போய் ஆபீஸில் பூட்டி வைப்பார்கள் என்ற பயம் மக்களுக்கு உண்டு. அந்தப் பயம் நியாயமானதே.

மலையில் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்கும். குறிஞ்சியை வைத்து வயதைச் சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நோட்டும் பென்சிலுமாகப் பாட்டி பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எத்தனை குறிஞ்சி பார்த்தார், எந்தப் பாதையில் மலை ஏறி வந்தார், அந்தப் போட்டோவில் நிற்கிற நாலு பேர் யார் யார் என்று கேட்டு எழுதட்டும்.