கசிவும் ஐயமும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்” என்றனர் நம் முன்னோர். கட்டுகின்றவன் படும் பாட்டை நன்கறிந்தே அவ்வாறு கூறினர். ஆயின், பிறர் கட்டிய வீட்டை விலைகொடுத்து வாங்கிக் குடிபுகுபவன் பாட்டுக்கு அப்பழமொழியில் இடமில்லை. கட்டியவனுக்குச் சுவரினுள்ளே எந்தக் குழாய் எங்கே வளைகின்றது என்பது தெரியும். வாங்கியவனுக்குத் தெரிவது மேலே பூசப்பட்ட வர்ணம் மாத்திரமே. ஆதலால், குளியலறைப் பக்கமாக ஓர் ஈரத் திட்டுத் தோன்றியதும் அவன் உள்ளம் கலங்குவது இயல்பே.

எமது நண்பர் ஒருவர் வெள்ளவத்தையில் மாடி வீடொன்றை வாங்கினார். இருபது ஆண்டுச் சேமிப்பும் வங்கிக் கடனும் அவ்வீட்டினுள் அடங்கிவிட்டன. மூன்றாம் மாதம் கீழ்வீட்டு அம்மையார் படியேறி வந்து, “தம்பி, உங்கள் குளியலறைத் தண்ணீர் எங்கள் கூரையில் ஊறுகிறது” என்றார். நண்பர் தம் குளியலறையைப் பார்த்தார். குழாய்கள் சொட்டவில்லை, தரையோடுகள் பளபளத்தன. “எங்கள் வீட்டில் ஒன்றும் ஒழுகவில்லை, அம்மா” என்று விடையளித்தார். அன்றிலிருந்து இரு வீட்டாரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் பேசாதாயினர். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றனர் உறவினர். தரை முழுவதையும் உடைத்துப் புதிதாகப் பதிக்கவேண்டும் என்றார் பார்க்க வந்த மேசன்.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே நண்பர் எம்மிடம் யோசனை கேட்டார். ஒவ்வொருவரும் ஒரு முடிபைக் கூறினரேயன்றி, எவரும் ஒன்றையும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதை நாம் எடுத்துரைத்தோம். கீழ்வீட்டாரையும் உடன் சேர்த்துச் சோதிக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினோம். நண்பர் தயங்கினார், எனினும் இணங்கினார்.

முதலில் நீரின் இயல்பை உணர்தல் வேண்டும். கொங்கிறீற்றுத் தட்டினுள் இறங்கிய நீர் நேரே கீழே விழுவதில்லை. வெடிப்பு வழியாகவும் குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டும் நெடுந்தூரம் சென்று, தனக்கு வாய்த்த தாழ்ந்த இடத்தில் வெளிப்படும். ஆகவே, திட்டு இருக்கும் இடத்துக்கு நேர்மேலே உடைத்தால் பிழை அகப்படும் என்பது உறுதியன்று. எங்கே நனைந்தது என்று கேட்பதைக் காட்டிலும், எப்போது நனைகின்றது என்று கேட்பதே பயனுடையது. நீரைக் கொண்டுவரும் குழாயில் ஓட்டை இருப்பின் இரவு பகல் ஓயாமல் ஈரம் வளரும். கழிவுநீர்க் குழாயிலோ தரையிலோ பழுது இருப்பின், குளித்த பின்னரே வளரும். மழை நாளில் மாத்திரம் வளருமாயின் கூரையையும் வெளிச்சுவரையும் ஆராய்தல் வேண்டும்.

நண்பரின் மகள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயில்பவள். ஒரு காரணியை மாற்றும்போது ஏனையவற்றை மாற்றாதிருத்தல் என்னும் பரிசோதனை விதி அவளுக்குப் பாடம். அவள் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டாள். கீழ்வீட்டு அம்மையாரின் பேரன் கதிரைமேல் ஏறித் திட்டின் ஓரத்தைப் பென்சிலாற் கோடிட்டு, திகதியும் நேரமும் எழுதினான்.

முதல் இரவு எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு நீர்மானியின் எண்களைக் குறித்தனர். விடியுமட்டும் ஒருவரும் தண்ணீர் எடுக்கவில்லை. காலையில் எண்கள் மாறாதிருந்தன. எனவே நீர் கொண்டுவரும் குழாய்கள் குற்றமற்றவை. கூரைத் தாங்கியிலிருந்து நீர் பெறும் வீடுகளில், தாங்கிக்கு நீர் ஏற்றுவதை நிறுத்தி, அதன் நீர்மட்டத்தை இரவிலும் காலையிலும் ஒரு தடியால் அளந்து பார்த்தல் நன்று.

அடுத்து, கொமட்டின் நீர்த்தொட்டியில் சிறிது கேசரிப் பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் அதனைப் பயன்படுத்தாது விட்டனர். கீழேயுள்ள நீரில் நிறம் காணப்படவில்லை. நிறம் இறங்கியிருப்பின், உள்ளேயுள்ள அடைப்பான் தேய்ந்தது என்பது பொருள். அவ்வாறு வீணாகும் நீர் கூரையை நனைக்காது. ஆயினும் நீர்க்கட்டணத்தை ஏற்றிவிடும்.

மூன்றாம் நாள் அந்தக் குளியலறையில் எவரும் குளிக்கவில்லை. தரை நனையாதவாறு புனல் வைத்துப் பத்து வாளி நீரைத் தரைத் துவாரத்தினுள்ளே மாத்திரம் ஊற்றினர். மறுநாட் காலை வரையும் பென்சிற் கோட்டைத் திட்டுத் தாண்டவில்லை. கழிவுநீர்க் குழாயும் ஐயத்தினின்று நீங்கியது.

நான்காம் நாள், பொலித்தீனிற் சுற்றிய துணியால் அத்துவாரத்தை அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்கு நீரைத் தேக்கினர். நீர் காற்றில் ஆவியாவதைக் கணக்கிட, அருகே ஒரு வாளி நீரையும் வைத்து அதன் மட்டத்தையும் குறித்துக்கொண்டனர். மாலையில் வாளியின் மட்டம் பெரிதும் மாறவில்லை. தரையின் நீரோ கண்கூடாகக் குறைந்திருந்தது. அவ்வேளையிலே கீழிருந்து, “தம்பி, கோடு தாண்டிவிட்டது” என்று அம்மையாரின் குரல் கேட்டது.

நண்பர் கீழே இறங்கிச் சென்று திட்டைத் தம் கண்ணாற் பார்த்தார். “எங்கள் தரைதான், அம்மா, செலவு என்னுடையது” என்றார். வாதமோ வழக்கோ வேண்டியிருக்கவில்லை. மேலே உற்று நோக்கியபோது, தரைத் துவாரத்தைச் சுற்றியிருந்த பூச்சு விட்டுப்போய், நகம் நுழையுமளவு இடைவெளி தென்பட்டது. அதனைச் சுரண்டித் துப்புரவாக்கி உலரவிட்டு, நீர்புகாப் பூச்சினால் அடைத்தனர். பூச்சு இறுகியபின் மீண்டும் நீரைத் தேக்கியபோது, கோடு இருந்த இடத்திலேயே திட்டும் நின்றது. தரை முழுவதையும் உடைக்கும் செலவு அன்று தப்பியது.

எல்லா வீட்டிலும் இவ்வாறு எளிதாக முடியும் என்று நாம் கூறவில்லை. ஓடுகளுக்கு அடியிலுள்ள நீர்புகாப் படையே பழுதாயின் உடைக்கத்தான் வேண்டும். தாமதமும் தகாது. கொங்கிறீற்றினுள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்போது, அத்துரு இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை வேண்டி நிற்கும். அந்த நெருக்கத்தினாலேயே தட்டு வெடித்துப் பெயர்கின்றது. மின்குமிழை அண்மி ஈரம் காணப்படின், வேறெதற்கும் முன்னர் பிரதான மின்னாளியை நிறுத்தி மின்வேலை அறிந்தவரை அழைத்தல் வேண்டும். துளி சிறிதென்று எண்ணுவோர் இக்கணக்கைப் பார்க்க: மணிக்கு அரை லீற்றர் ஒழுகும் குழாய், நாளொன்றுக்கு 12 லீற்றரும் ஆண்டொன்றுக்கு 4,380 லீற்றரும் வீணாக்கும்.

புதிதாக வீடு வாங்கும் நேயர்களுக்கு எமது வேண்டுகோள் சில. குடிபுகும் நாளிலேயே பிரதான வால்வு எங்குள்ளது என்பதை வீட்டிலுள்ளோர் யாவரும் அறிந்திருத்தல் நன்று. விற்றவரிடம் குழாய்கள் செல்லும் வழியைக் கேட்டு ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்க. திட்டு ஒன்று தோன்றுமாயின், சுத்தியலைத் தேடுமுன் ஒரு பென்சிலையும் கொப்பியையும் தேடுக. அத்திட்டு அயலவர் வீட்டில் இருக்குமாயின், மறுமொழி கூறுமுன் ஒருமுறை படியிறங்கிச் சென்று அதனைப் பார்த்து வருக.