அதே மருந்துதான் சார்!

மருந்துக் கடைக்காரர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. டாக்டர் எழுதிய மாத்திரை ஸ்டாக் இல்லையா? கொஞ்சமும் அசரமாட்டார்கள். 'அதே மருந்துதான் சார், கம்பெனி மட்டும் வேற' என்று இன்னொரு அட்டையைக் கிழித்து நீட்டுவார்கள். நாமும் வாங்கி விழுங்கிவிட்டு சௌக்கியமாக இருக்கிறோம். சரக்கு ஒன்று, பெயர் வேறு. தப்பில்லை.

துப்பாக்கியில் போடுவதையும் 'மருந்து' என்றுதான் சொல்கிறோம். அங்கே கதை தலைகீழ். பெயர் ஒன்றாக இருக்கும், சரக்கு வேறாக இருக்கும். பி.காம். படித்த எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? தீபாவளிக்கு வந்திருந்த பெரியம்மா பையன் புண்ணியத்தில்.

அண்ணன் இருப்பது டெக்சாஸில். மான் வேட்டை அங்கே லைசென்ஸோடு, சீசன் பார்த்து நடக்கிற சமாச்சாரம். தோட்டாவைக் கடையில் வாங்கமாட்டார். சுட்டு முடித்த பித்தளைக் குப்பியில் புது ப்ரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டை அழுத்தி வீட்டிலேயே தயார் செய்வார். நாம் ஸ்டாம்ப் சேர்த்த மாதிரி அங்கே இது ஒரு ஹாபி. (யாரும் கையைக் காலை வைத்துவிடாதீர்கள். நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே ஏழு வருஷம். அதிகபட்சம் ஆயுள்.)

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கிளம்பினோம். எங்கள் தெருப் பெரியவர் ஒருவரும் கூட வந்தார். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். புகையில்லாத மருந்து தயாரிக்க வெள்ளைக்காரன் ஆரம்பித்த தொழிற்சாலை அது. கடற்கரைக் கோயில் பக்கம் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும்போது அண்ணன் பெருமையாக ஆரம்பித்தார்.

"எப்பவும் எச் 4831தான் போடுவேன். கடையில இல்லை. ஐ.எம்.ஆர். 4831 இருந்துது. நம்பர் ஒண்ணுதானேன்னு அதே அளவு போட்டு இருபது ரவுண்டு அடைச்சு வச்சிட்டு வந்திருக்கேன். பையன் சீசனுக்கு எடுத்துட்டுப் போவான்."

பெரியவர் சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "புஸ்தகத்துல போட்டிருக்கிற ஆரம்ப அளவா, உச்ச அளவா?"

"உச்ச அளவுதான் அங்கிள். பழகின ரைபிள்தானே..."

"தம்பி, மொதல்ல பையனுக்கு போன் பண்ணுங்க."

அங்கே விடியற்காலை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அண்ணன் போட, பெரியவர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"அடுப்புல சுள்ளியும் எரியுது, கட்டையும் எரியுது. ரெண்டும் விறகுதான். ஆனா சுள்ளி குப்புனு எரிஞ்சிடும். மருந்துலயும் அப்படித்தான். மணியோட பருமன், நடுவுல ஓட்டை, மேல பூசற பூச்சு இதையெல்லாம் வச்சு வேகத்தைக் கட்டுப்படுத்துவோம். கண்ணால பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியில கருமருந்து போட்டுக் கெட்டிப்பாங்க இல்லையா, அதுல புகையில்லாத மருந்தைப் போட்டா குழலே பிளந்துக்கும்."

அண்ணனுடையது 270 வின்செஸ்டர். அதற்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்ட். உங்கள் கார் டயரில் முப்பதுக்கு மேல் கொஞ்சம். இந்த அழுத்தம் சுடுகிறவன் கன்னத்துக்குப் பக்கத்தில்!

வீட்டுக்கு வந்து நான் தேடிப் படித்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச் 4831 என்பது இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ராணுவச் சரக்கை வாங்கி, ஹாட்ஜ்டன் என்பவர் விற்க ஆரம்பித்த மருந்து. 1970-களில் டுபான்ட் கம்பெனி அதே எண்ணில் ஐ.எம்.ஆர். 4831-ஐ விட்டது. இது அதைவிட வேகமாக எரியும். முன்னதன் அளவை இதற்குப் போட்டால் அழுத்தம் எகிறிவிடும். கூத்து என்னவென்றால், எச்.பி. 38-ம் வின்செஸ்டர் 231-ம் ஒரே சரக்கு! பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல?

வீட்டில்தான் இப்படி என்றில்லை. எம் 16 துப்பாக்கியை வடிவமைத்தது ஒரு மருந்தை வைத்து. 1964-ல் அமெரிக்க ராணுவம் அதற்கு வேறு மருந்தை அனுமதித்தது. குண்டின் வேகம் சரி, உச்ச அழுத்தமும் வரம்புக்குள். காகிதத்தில் கணக்கு டேலி! ஆனால் குழலில் வாயு பிரியும் துளைக்கிட்டே அழுத்தம் கூடிவிட்டது. துப்பாக்கி வேண்டிய வேகத்துக்கு மேல் இயங்கியது, கசடும் சேர்ந்தது. சுத்தம் செய்யும் சாமான்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. வியட்நாமில் சண்டை நடுவே அடைத்துக்கொண்டு, அடைப்பை எடுக்கப் போராடிய நிலையிலேயே சிப்பாய்கள் செத்தார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி விசாரித்து மருந்து மாற்றத்தையும் கண்டித்தது.

ஆறாவது தடவை பையன் எடுத்தான். அண்ணனுக்குக் குரலே வரவில்லை. "அந்தப் பெட்டியில எத்தனை இருக்கு, எண்ணு" என்றார். அந்த ஒரு நிமிஷம் அலைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

"இருபது இருக்குப்பா. ஏன்?"

பெரியவர் மறுபடி பொட்டலத்தைக் கையில் எடுத்தார். "வேற மருந்துன்னா அந்த மருந்துக்குன்னு புஸ்தகத்துல இருக்கிற ஆரம்ப அளவுலேர்ந்துதான் வரணும். புஸ்தகத்துல இல்லைன்னா போடவே கூடாது. ரெண்டு மருந்தைக் கலக்கறதோ, மேஜை மேல ரெண்டு டப்பா திறந்து வைக்கறதோ ஆகவே ஆகாது" என்றார். அண்ணன் ஸ்கூல் பையன் மாதிரி தலையாட்டினார்.

ஊருக்குப் போனதும், சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கிறதாம், அதில் மாட்டித் தட்டி இருபதையும் பிரித்துவிட்டார். புத்தகத்தில் ஐ.எம்.ஆர். பக்கத்தைப் புரட்டினால், இவர் போட்ட அளவு அதன் உச்ச அளவையே தாண்டி நின்றதாம். பையன் அந்த சீசனுக்குக் கடைத் தோட்டாவோடு போனான். அது என்ன விலை தெரியுமா என்று அண்ணன் இன்னும் போனில் புலம்பிக்கொண்டிருக்கிறார்.