அம்மாவும் என் சைவமும்

"அம்மா, இனிமேல் நான் சைவம்" என்றதும் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏன்டா, இனி சர்ச்சுக்கு வரமாட்டியா?"

தமிழில் 'சைவம்' உணவுக்கும் பெயர், ஒரு சமயத்துக்கும் பெயர். அம்மாவின் பயம் அங்கேதான் இருந்தது. உயிர்கள் மேலுள்ள இரக்கத்தால் எடுத்த முடிவு என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை.

அன்றிரவு இருவரும் பைபிளோடு உட்கார்ந்தோம். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு உணவாகக் கிடைப்பவை தானியமும் பழமும்தான். இறைச்சிக்கு அனுமதி, நோவா காலத்து வெள்ளத்துக்குப் பிறகு, 9-ஆம் அதிகாரத்தில் வருகிறது. தானியேலும் மூன்று நண்பர்களும் 10 நாள் மரக்கறியும் தண்ணீருமே கேட்டு வாங்கினார்கள்.

"அப்போ என் கோழிக்கறி பாவமா?"

"இல்லம்மா. உயிர்த்தெழுந்த இயேசுவே மீன் சாப்பிட்டதாக லூக்கா எழுதியிருக்கிறார்."

ரோமர் 14-இல் பவுலும் இதைத்தான் பேசுகிறார்: சாப்பிடுகிறவர் சாப்பிடாதவரை இளக்காரமாகப் பார்க்கக்கூடாது, சாப்பிடாதவரும் மற்றவருக்குத் தீர்ப்பு சொல்லக்கூடாது. இரண்டாவது பாதி எனக்கு. அதுவரை நான் அம்மாவின் சட்டியை முகம் சுளித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோழிக்கறியும் இருந்தது, எனக்காகப் பலாக்காய் பிரட்டலும் இருந்தது. ஜெபம் மட்டும் ஒன்றுதான்.