ஈட்டியோடு கடலில் இறங்கும் முன்

செம்பரம்பாக்கத்திலிருந்து கடல் அதிகத் தொலைவில் இல்லை. நசரத்பேட்டை அருகே வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் வழியாகச் சென்றால், ஒரு விடுமுறை நாளின் அதிகாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கோவளம் கடற்கரையில் நிற்கலாம். நீச்சல் தெரிந்த, கையில் கொஞ்சம் பணமும் கைப்பேசியில் நிறையக் காணொலிகளும் உள்ள புறநகர் இளைஞர் ஒருவருக்கு, முகக்கண்ணாடியும் துடுப்புக் காலணியும் ஈட்டித் துப்பாக்கியும் வாங்கிக்கொண்டு புறப்பட இது போதுமானதாகத் தோன்றும். ஈட்டி மீன்பிடிப்பு நம் கடற்கரையில் இன்னும் மிகச் சிலரின் பொழுதுபோக்குதான். ஆனால், அலைச்சறுக்கும் அப்படித்தான் இங்கே தொடங்கியது. ஆகவே, கூட்டம் சேரும் முன்பே சிலவற்றைப் பேசிவிடுவது நல்லது.

கடலில் ஈட்டி எறிவது தமிழர்க்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 304-ஆம் பாடலில் மூங்கிற்காம்பில் பொருத்திய கூரிய எறியுளி வருகிறது. தென்மாவட்டக் கடற்கரைகளில் 'மண்டா' என்ற சொல் வழங்குகிறது. ஆனால், அது கலத்தின் மேலிருந்து, பிழைப்புக்காக எறிந்த கருவி. இப்போதைய ஈட்டித் துப்பாக்கி ரப்பர் விசையால் இயங்குவது. மூச்சை அடக்கி நீருக்குள் சென்று, பாறையடியில் நிற்கும் குறிப்பிட்ட ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து எய்வது இதன் முறை. வலையைவிட இது தூய்மையானது, வேண்டாத மீன் சாகாது என்று ஆர்வலர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அந்த உண்மை எய்பவரின் அறிவைப் பொறுத்தது என்பதுதான் சிக்கல்.

முதலில் சட்டம். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், மீன்பிடிக் கலங்களை ஒழுங்குபடுத்துவதற்காக வந்தது. விசைப்படகுகளைக் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் நிறுத்தி, கரையோரத்தைக் கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் அது ஒதுக்கியது. கரையிலிருந்து நீந்திச் சென்று ஈட்டி எய்யும் தனிமனிதரை அச்சட்டம் மனத்தில் கொண்டு எழுதப்படவில்லை. விளைவு விசித்திரமானது: மீனவர்களிலேயே எளியவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நீர்ப்பரப்பில்தான் வார இறுதிப் பயணி இறங்குகிறார், அவரிடம் உரிமம் கேட்க எவரும் இல்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வளவு தளர்வானதல்ல. கடலாமை, கடல் குதிரை, இராட்சதக் கலவா போன்றவை அதன் பாதுகாப்பில் உள்ளன. முதல் அட்டவணை உயிரினத்தைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ரூ.25,000-க்குக் குறையாது. தெளிந்த நீரைத் தேடி இராமேசுவரம் பக்கம் செல்ல நினைப்பவர், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்பதை அறிந்திருக்க வேண்டும். அங்கே ஈட்டியோடு நீரில் இருப்பதற்குச் சாக்குப்போக்கே இல்லை.

எழுதப்பட்ட சட்டத்துக்கு வெளியே எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. சோழமண்டலக் கடற்கரையின் மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்துகள், எந்த வலையை அனுமதிப்பது, எதை விலக்குவது என்று நெடுங்காலமாக முடிவு செய்துவருகின்றன. நெதர்லாந்து ஆய்வாளர் மார்டன் பாவிங்க் 2001-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சென்னையைச் சுற்றியுள்ள கடலடி பெரும்பாலும் மணல். ஈட்டி எய்பவர் தேடும் கலவாவும் சங்கராவும் பாறை உள்ள இடங்களில்தான் நிற்கும். அத்தகைய இடங்களில் சில, தூண்டில் போடும் சிறு மீனவர்களுக்காக அரசுத் திட்டங்களின்கீழ் கான்கிரீட் அமைப்புகளை இறக்கி உருவாக்கப்பட்ட செயற்கைப் பாறைத்திட்டுகள். அதன்மேல் நாட்டுப்படகை நிறுத்தித் தூண்டில் போடுகிறவருக்கு ஒரு நல்ல கலவா என்பது அன்றைய டீசல் செலவு. நமக்கு அது ஒரு புகைப்படம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள்களில், நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் மீனுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கும். அந்த நாள்களில் பொழுதுபோக்குக்காரர் போட்டிக்கு இறங்குவது சட்டப்படி குற்றமோ இல்லையோ, அழகல்ல.

மீனைப் பற்றியும் புதியவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகக்கண்ணாடி வழியே நீருக்குள் பார்க்கும்போது எதுவும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 30 செ.மீ. மீன் 40 செ.மீ. மீனாகக் காட்சி தரும். தூண்டிலில் சிறியது சிக்கினால் அவிழ்த்து விடலாம். ஈட்டியில் அளந்து பார்ப்பது மீன் செத்த பிறகுதான். கேரளம் 2015-இல் 14 மீனினங்களுக்கும் பின்னர் 58 இனங்களுக்கும் குறைந்தபட்ச அளவு விதித்தது. அப்படியொரு விதியைக் கண்ணளவாலேயே கடைப்பிடிக்கும் பயிற்சி முதல்நாள் பயணியிடம் இருக்காது. பெரிய மீனை மட்டும் எய்தால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கலவா இனங்களில் பல பெண்ணாக வளர்ந்து, பெரிதான பின் ஆணாக மாறுபவை. பாறையின் ஆகப் பெரிய கலவாவை வீழ்த்துவது, அங்குள்ள ஆண்மீனை வீழ்த்துவதாக முடியலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் இந்த விளையாட்டுக்குக் கட்டண உரிமமும் விதிகளும் உண்டு. நீல குரோப்பர் என்ற மீனை ஈட்டியால் எய்ய அங்கே 1969 முதலே தடை. அப்படியிருந்தும் 2023 டிசம்பர் இறுதியில், சிட்னியின் குரோனுல்லா பகுதி மக்கள் பெயரிட்டு அழைத்துவந்த அத்தகைய மீன் ஒன்றை ஒருவர் எய்து கொன்றார். அபராதம் 500 டாலர். எழுந்த சினத்தில், அடுத்த ஆண்டு அந்த மீனை எம்முறையிலும் பிடிக்க அரசு தடை விதித்தது. விதி இருக்கும் ஊரிலேயே இப்படி. விதியே இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க முடியாதா?

இனி, எய்பவரின் உயிர். மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்தால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அதனால் உடலில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. மூச்சுவிடத் தூண்டும் கார்பன் டை ஆக்ஸைடுதான் குறைகிறது. எச்சரிக்கை மணியை நாமே கழற்றி வைத்துவிடுகிறோம். 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும்போது அழுத்தம் பாதியாகிறது. நுரையீரலில் உள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் உடன் சரிகிறது. கடைசிச் சில மீட்டர்களில், எந்தத் தவிப்பும் இன்றி நினைவு தப்பும். தனியே சென்றவர் அதோடு முடிந்தார். எனவேதான் ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே நின்று கவனிக்க வேண்டும் என்பது உலகெங்கும் முதல் விதி. முத்துக்குளித்த நாள்களில் தூத்துக்குடிப் பக்கம் இதை வேறுவிதமாகச் சொன்னார்கள்: கயிற்றை மைத்துனன் கையில் கொடு; அக்காளின் தாலிக்காகவாவது இழுத்துவிடுவான்.

கடலும் எப்போதும் சொல்லிக்கொண்டு சீறுவதில்லை. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தனர். உள்ளூரில் புயலோ மழையோ இல்லை. தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் எழுந்து வரும் 'கள்ளக்கடல்' அலைகள் பற்றி ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அந்நாள்களில் எச்சரித்திருந்தது. அந்த அறிவிப்பைப் பார்க்கச் சில நொடிகள் போதும்.

கடலுக்கு முன் ஒத்திகை என்று சிலருக்கு ஏரி நினைவுக்கு வரும். செம்பரம்பாக்கம் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட குடிநீர் ஏரி. கலங்கிய நீரில் மூழ்கியவரைத் தேடுவதும் கடினம். அங்கே இறங்கவே கூடாது. ஆனால், அந்த ஏரி வேறொரு வகையில் கடற்பயணிக்கு உதவும். வடகிழக்குப் பருவமழையில் அதன் மதகுகள் திறக்கப்பட்டால், உபரிநீர் அடையாற்றின் வழியே கடலில் சேர்ந்து கரையோரத்தைப் பழுப்பாக்கும். ஏரி திறப்புச் செய்தி வந்தால், சென்னைக் கரையோரத்தில் நீருக்குள் கை நீட்டிய தொலைவுகூடத் தெரியாது என்று பொருள். மழைக்காலம் முடிந்து கடல் அமைதியாகி, நீர் தெளியும் மாசி, பங்குனிதான் ஓரளவு பொருத்தமான பருவம்.

மீன்வளத் துறை இதற்கெனப் பெரிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை. உரிமம், மூச்சுக் கருவியோடு எய்யத் தடை, இரவு வேட்டைக்குத் தடை, பிடித்ததை விற்கத் தடை, செயற்கைப் பாறைகளிலிருந்து விலகியிருத்தல் ஆகியவற்றை ஒரு சிறு விதித்தொகுப்பில் சொல்லிவிடலாம். மாலத்தீவு போல முழுத் தடை விதிப்பதும் ஒரு வழிதான். ஆனால், கண்காணிக்க ஆளில்லாத நீண்ட கரையில் தடை என்பது, ஒளிந்து செய்பவருக்குக் கிடைக்கும் சலுகையாகிவிடும் என்றே தோன்றுகிறது. கோவளத்தில் அலைச்சறுக்கு வேரூன்றியது மீனவ இளைஞர்களே அதன் ஆசிரியர்களானதால். வெளியூர்ப் பயணி அவர்கள் வழியாகவே கடலுக்குள் போனார். ஊருக்கு வருமானமும் வந்தது. ஈட்டிக்கும் அதே வாசல் இருக்க முடியும். அதுவரை, முதல் பயணத்தைத் திட்டமிடுபவர் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, கோவளத்திலோ பழவேற்காட்டிலோ ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, உரிய கூலி கொடுத்து, ஒரு காலை முழுக்க நாட்டுப்படகில் தூண்டிலோடு போய்வரட்டும். பாறை எங்கே, நீரோட்டம் எப்படி, எந்த மீனைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அந்தப் படகில் இருப்பவருக்குத் தெரியும்.