கரணை பிடித்த நடிகர்

நடிகரைப் பற்றி எழுத நமது பக்கத்தில் இடம் ஏது என்று தோழர்கள் கேட்கலாம். இரவு ஷிப்டு முடித்துக் கண் எரிய வீடு திரும்பும் மில் தொழிலாளியும், நடவு முடித்துச் சேற்றுக் காலோடு கரையேறும் விவசாயத் தொழிலாளியும் அப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் நாம் சொல்லப் போகிற நடிகர் ஒப்பனை அறையிலிருந்து வந்தவரல்ல; கட்டிடச் சாரத்திலிருந்து இறங்கி, சிறைக்குள் நுழைந்து, அங்கிருந்து திரைக்கு வந்தவர். அவர் பெயர் ரிக்கி டாம்லின்சன்.

1939-ல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் பிறந்து, துறைமுக நகரான லிவர்பூலில் வளர்ந்தவர். சுவர்ப் பூச்சு வேலை அவர் தொழில். பகலெல்லாம் கரணை பிடித்த கை, இரவில் தொழிலாளர் கிளப்புகளில் பாஞ்சோ வாத்தியம் மீட்டியது. பாட்டும் கேலியுமாக உழைத்துக் களைத்த மக்களைச் சிரிக்க வைத்தார். அவர் ஏறிய முதல் மேடை அதுதான்.

அவர் பிறக்கும்போதே வர்க்க உணர்வோடு பிறந்தார் என்று நாம் கதை கட்ட விரும்பவில்லை. வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த மக்கள் மீது வெறுப்பை மூட்டும் ‘நேஷனல் பிரண்ட்’ என்ற கூட்டத்தில் ஒரு காலத்தில் சேர்ந்திருந்தார். பின்னாளில் அதை அவரே ஒப்புக்கொண்டு வெட்கப்பட்டார். தன் கூலியைப் பறிப்பவன் யார் என்று அறியாத தொழிலாளியைப் பக்கத்திலிருக்கும் ஏழையின் மீது ஏவிவிடுவது எளிது. அந்த மயக்கத்தைப் போராட்டக் களம்தான் தெளிய வைத்தது.

1972-ல் பிரிட்டனின் கட்டிடத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வாரம் 35 மணி நேர வேலை, அதற்கு 30 பவுன் கூலி என்பது கோரிக்கை. ‘லம்ப்’ என்ற முறையை ஒழிக்க வேண்டும் என்பது மற்றொன்று. அது என்ன முறை? தொழிலாளியைத் தொழிலாளி என்றே கணக்கில் எழுதுவதில்லை. ‘தனி காண்டிராக்டர்’ என்று எழுதி, ஒரு தொகையைக் கையில் திணித்து அனுப்பிவிடுவது. லீவு கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, சங்கம் கிடையாது. சாரம் சரிந்து விழுந்தால் அவன் பாடு, அவன் குடும்பத்தின் பாடு! பெயர்தான் வேறு, தந்திரம் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் தெரிந்த தந்திரம்தான்.

பன்னிரண்டு வாரம் போராட்டம் நடந்தது. சிதறிக் கிடந்த வேலைத்தலங்களுக்குத் தொழிலாளர்கள் பஸ்களில் கூட்டமாகச் சென்று மறியல் செய்தார்கள். செப்டம்பர் 6-ம் தேதி ஷ்ரூஸ்பரி நகருக்கு வந்த மறியல் படையில் டாம்லின்சனும் இருந்தார். போலீசாரும் உடன் இருந்தனர். அன்று ஒருவர்கூடக் கைது செய்யப்படவில்லை. போராட்டத்தின் முடிவில் அத்தொழில் அதுவரை கண்டிராத கூலி உயர்வு கிடைத்தது.

முதலாளிகளால் அதைப் பொறுக்க முடியுமா? டோரி சர்க்காருக்கும் பொறுக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, 1973 பிப்ரவரியில் வீட்டுக் கதவுகள் தட்டப்பட்டன. இருபத்து நான்கு தொழிலாளர்கள் மீது வழக்கு. மிரட்டுவதற்குச் சதி செய்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அதற்காக 1875-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். சதி வழக்கு என்றால் என்னவென்று நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செயலுக்குச் சாட்சி இல்லாதபோது எண்ணத்துக்குத் தண்டனை கொடுப்பதே சதி வழக்கு. அந்த டிசம்பரில் தீர்ப்பு வந்தது: டெஸ் வாரனுக்கு 3 ஆண்டு, டாம்லின்சனுக்கு 2 ஆண்டு, ஜான் ஜோன்சுக்கு 9 மாதம்.

சிறையில் டாம்லின்சனும் வாரனும் கைதி உடையை அணிய மறுத்தார்கள். “நாங்கள் குற்றவாளிகளல்ல, அரசியல் கைதிகள்” என்பதே அவர்கள் நிலை. தனிக் கொட்டடி கிடைத்தது. அங்கேதான் ராபர்ட் டிரெஸல் எழுதிய நாவல் டாம்லின்சன் கைக்கு வந்தது. டிரெஸல் வீடுகளுக்கு வர்ணம் பூசிய தொழிலாளி. 1911-ல் லிவர்பூலில் இறந்து, அநாதைக் குழியில் புதைக்கப்பட்டவர். ஒரு வர்ணப் பூச்சுக்காரன் எழுதியதைச் சுவர்ப் பூச்சுக்காரன் சிறைக்குள் படித்தான்!

1974-ல் டோரிகள் போய் லேபர் சர்க்கார் வந்தது. அப்போதாவது கதவு திறந்ததா? இல்லை. வெளியே வந்த டாம்லின்சன் 1975-ல் பிளாக்பூலில் கூடிய தொழிற்சங்கக் காங்கிரசுக்குச் சென்றார். மேடையில் பேச இடம் தரப்படவில்லை. மாடியிலிருந்தே குரல் எழுப்பினார். உள்ளே இருந்த வாரனை மறக்காதீர்கள் என்பதே அக்குரலின் பொருள்.

அதன்பின் கட்டிட வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. முதலாளிகளிடம் கறுப்புப் பட்டியல் இருந்தது. இது வீண் சந்தேகமல்ல. 2009-ல் இங்கிலாந்தில் அத்தகைய ஒரு ஆபீசைச் சோதனையிட்டபோது 3,200-க்கும் மேற்பட்ட கட்டிடத் தொழிலாளர்களின் விவரங்கள் சிக்கின.

கரணையைப் பிடுங்கினார்கள், அவர் நடிப்பைப் பிடித்துக்கொண்டார். 1981-ல் ஜிம் ஆலன் எழுதிய ‘யுனைட்டெட் கிங்டம்’ என்ற டெலிவிஷன் நாடகத்தில் நடித்தார். 1982 முதல் ‘புரூக்சைடு’ தொடரில் பாபி கிராண்ட் என்ற தொழிற்சங்கத் தொண்டராக ஆறு ஆண்டு வாழ்ந்தார். 1991-ல் கென் லோச் எடுத்த ‘ரிப்-ராப்’ படத்தில் லாரி என்ற கட்டிடத் தொழிலாளி. ஆபத்தான சாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டதற்காக வேலையிழக்கும் தொழிலாளி. அந்தப் படத்தில் சாரம் சரிகிறது. ஒரு வாலிபன் விழுகிறான். 1993-ல் ‘ரெயினிங் ஸ்டோன்ஸ்’. 1998-ல் தொடங்கிய ‘ராயில் பேமிலி’யில், சாய்வு நாற்காலியை விட்டு எழாமல் உலகத்தையே ஏசும் அப்பாவாக வந்து நாட்டையே சிரிக்க வைத்தார்.

அவர் தொழிலாளி வேஷம் போட்டார் என்று சொல்வது தவறு. செங்கலை எப்படித் தூக்குவது, மேஸ்திரியை எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. உழைப்பவனைக் கோமாளியாகவோ பரிதாபத்துக்குரிய பிராணியாகவோ காட்டும் படங்களைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு, அவர் காட்டிய மனிதன் பக்கத்து வீட்டுக்காரனாகத் தெரிந்தான்.

ஆனால் நாம் அவரை மதிப்பது இதற்காக மட்டுமல்ல. பேரும் பணமும் வந்தபின் பழைய வழக்கை மறப்பது எளிது. வசதியும்கூட. அவர் மறக்கவில்லை. வாரன் 2004-ல் இறந்துபோனார். சிறையில் கொடுத்த மயக்க மருந்துகளே அவர் உடலைக் கெடுத்தன என்று அவரும் குடும்பத்தாரும் நம்பினார்கள். 2006-ல் தொடங்கிய நியாயம் கேட்கும் இயக்கத்தில் டாம்லின்சன் தன் புகழைக் கொண்டுவந்து வைத்தார். நடிகர் என்பதற்காகப் படம் பிடிக்க வந்த காமிராக்களை ஷ்ரூஸ்பரி பக்கம் திருப்பினார்.

பழைய அரசாங்கக் காகிதக் கட்டுகளைப் புரட்டியதில் ஒரு குறிப்பு அகப்பட்டது: சாட்சிகள் முதலில் கொடுத்த வாக்குமூலங்களைப் போலீசார் அழித்திருக்கிறார்கள்! அதை எதிர்த்தரப்புக்குச் சொல்லவும் இல்லை. 2021 மார்ச் 23-ம் தேதி லண்டன் அப்பீல் கோர்ட் டாம்லின்சன், வாரன் உள்ளிட்ட 14 பேர் மீதான தண்டனைத் தீர்ப்புகளை ரத்து செய்தது. தீர்ப்பு பொய்த்துப் போக 47 ஆண்டுகள்! டாம்லின்சனுக்கு அப்போது வயது 81. வாரனோ 17 ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார்.

இதை நியாயத்தின் வெற்றி என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகலாமா? வாலிபத்தில் பறித்ததை முதுமையில் காகிதமாகத் திருப்பிக் கொடுப்பது எப்படி நியாயமாகும்? இழந்த வேலையை யார் தருவது? வாரனை யார் தருவது? ஒன்று மட்டும் நிச்சயம்: கோர்ட் தானாக விழித்துக்கொள்ளவில்லை. தூங்க விடாமல் தட்டியவர்கள் இருந்தார்கள், அதனால் விழித்தது.

நடிகர்களுக்கு மாலை போடும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். திரையில் ஒருவர் எத்தனை பேரை அடித்து வீழ்த்தினார் என்று எண்ணாதீர்கள். திரைக்கு வெளியே, தன்னோடு நின்றவனை அவர் கைவிட்டாரா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் ரிக்கி டாம்லின்சன் தேறியிருக்கிறார்.