ஏரலுக்கு எதுக்கு ஹீட்டர்?

சித்திரை வெயிலில் ஏரல் கடைத்தெருவில் நின்று, "என் பிக்கப்பில ஹீட்டர் ஃபேன் சுத்தலை" என்று சொல்லிப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். "ஏலே, இவனுக்குக் குளிருதாம்டே! ஒரு கம்பளி வாங்கிக் குடுங்க" என்பார் ஒருத்தர். "சவத்தக் கழத்தி எறிஞ்சிட்டு அந்த இடத்துல வெத்தலப் பெட்டிய வைங்க" என்பார் இன்னொருத்தர்.

சிரிக்கட்டும். இதையே கார்த்திகை மாச ராத்திரிக்கு மாற்றிப் பாருங்கள். வாழைத்தார் ஏற்றின பழைய பிக்கப் திருநெல்வேலிக்குக் கிளம்புகிறது. முன்சீட்டில் மூணு பேர், மூணு பேரும் தொப்பலாக நனைந்தவர்கள். வெளியே கொட்டுகிற மழை. கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டாச்சு. பத்தே நிமிஷத்தில் முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துப் போகிறது. வெளியே வைப்பர் பாவம், முடிந்த மட்டும் ஆடுகிறது. உள்ளே இருக்கிற ஆவிக்கு அது என்ன செய்யும்? டிரைவர் ஒரு கையில் ஸ்டீயரிங், மறுகையில் துண்டு. "அண்ணாச்சி, மாடு!" என்று நடுவில் இருக்கிறவர் கத்தும்போது யாருக்கும் சிரிப்பு வராது.

ஹீட்டர் ஃபேனின் நிஜமான உத்தியோகம் இதுதான். நமக்குக் குளிர்காய வைப்பது அதற்கு உபதொழில். மூச்சிலும் ஈரத்துணியிலும் இருந்து வருகிற ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகப் படிகிறது. சூடான காற்றைக் கண்ணாடி மேல் ஊதினால் கண்ணாடி சூடாகும், ஈரமும் ஆவியாகிப் போகும். ஏ.சி. வண்டியில் ஏ.சி.யே காற்றைக் காய வைத்துவிடும். பழைய பிக்கப்புக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வெளிக்காற்றை உள்ளே விட்டு, ஹீட்டரைத் திறந்து, ஃபேனைப் போட வேண்டியதுதான்.

சித்திரையிலும் அதற்கு ஒரு வேலை உண்டு. லோடோடு போகும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புப் பக்கம் ஏறுகிறது என்று வையுங்கள். ஹீட்டரை முழுசாகத் திறந்து ஃபேனை மூணாம் நம்பரில் வைத்தால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உங்கள் காலடியில் வந்து இறங்கும். உங்களுக்கு வேர்க்கும், எஞ்சினுக்கு மூச்சு வரும். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கிற வரைக்கும்தான் இந்த வைத்தியம். ரேடியேட்டரில் தண்ணியே இல்லை என்றால் இதுவும் பலிக்காது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

காரணம் எளிது. ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றி வருகிற கொதிக்கிற கூலன்ட் அதற்குள்ளும் ஓடும். சூடு இனாம். அதை ஊதித் தள்ளுகிற ஃபேனுக்குத்தான் பேட்டரியிலிருந்து கரண்ட் செலவு.

சரி, ஃபேன் சுத்தவில்லை. நம்மவர் முதல் காரியமாக என்ன செய்வார்? "மோட்டார் போயிருச்சி" என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் கடைக்குப் போவார். ஆபீஸில் ஒரு ஃபைல் நகரவில்லை என்றால் நேரே மானேஜரை மாற்றுகிற மாதிரி! எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா?

கரண்ட்டும் ஃபைல் மாதிரிதான். பேட்டரியில் புறப்பட்டு ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், ரெசிஸ்டர் என்று மேஜை மேஜையாக மோட்டாருக்கு வந்து, எர்த் வழியாக வீடு திரும்ப வேண்டும். வண்டிக்கு வண்டி வரிசை கொஞ்சம் மாறும், சிலதில் ரிலே இருக்காது. ஆனால் எந்த மேஜையில் நின்றாலும் ஃபேன் நின்றுவிடும்.

முதலில் ஃபியூஸ். இருக்கிறதிலேயே மலிவான சாமான். போயிருந்தால் அதே நம்பரில் புதுசு போடுங்கள். திரும்பவும் போனால் அது உங்களுக்கு ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். ஒன்று, மோட்டார் இறுகிப் போயிருக்கும். இல்லையென்றால் எங்கேயோ வயர் தோல் உரிந்து பாடியில் உரசுகிறது. இங்கேதான் நம் ஊர் விஞ்ஞானிகள் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுருட்டிச் செருகுவார்கள், அல்லது பெரிய நம்பர் ஃபியூஸ் போடுவார்கள். ஃபேன் சுத்தும், சந்தேகமில்லை. ஃபியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் வயர் எரியும். பிறகு ஹீட்டரே வேண்டாம், டேஷ்போர்டே போதும்!

அடுத்து ஸ்பீடு. ஒண்ணு, ரெண்டில் சுத்தவில்லை, மூணில் மட்டும் சுத்துகிறது என்றால் மோட்டார் நிரபராதி. குறைந்த ஸ்பீடுகளில் கரண்ட்டைத் தடுத்துக் கொடுப்பது ரெசிஸ்டர். கடைசி ஸ்பீடில் மோட்டாருக்கு அதன் தயவு தேவையில்லை. அதனால்தான் அது எரிந்தாலும் மூணாம் நம்பர் மட்டும் பிழைத்துக்கொள்கிறது. மோட்டாரை விட ரெசிஸ்டர் விலை எவ்வளவோ குறைவு. எத்தனையோ நல்ல மோட்டார்கள் இந்தத் தகவல் தெரியாததால்தான் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

எந்த ஸ்பீடிலும் சுத்தவில்லையா? ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். 12 வோல்ட் பல்பு ஒண்ணு, வயர் ரெண்டு. எல்.இ.டி. வேண்டாம், துருப்பிடித்த கனெக்ஷனில் வருகிற துளி கரண்ட்டுக்கே அது பல்லைக் காட்டி ஏமாற்றிவிடும். பழைய இழை பல்புதான் நேர்மையானது. மோட்டார் பிளக்கைக் கழற்றி, சாவியைப் போட்டு, ஸ்விட்ச்சை மூணில் வைத்து, வயர் பக்கத்துப் பிளக்கின் ரெண்டு பின்னிலும் பல்பை இணையுங்கள். பிரகாசமாக எரிந்தால் ஃபைல் ஒழுங்காக வந்திருக்கிறது, கோளாறு மோட்டாரில்தான். எரியவில்லையா? ஒரு வயரை எடுத்து வண்டிப் பாடியில் சுத்தமான இரும்பில் வைத்து, மறு வயரால் ரெண்டு பின்னையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒன்றில் எரிந்தால் வருகிற வழி சரி, திரும்பிப் போகிற வழிதான் அடைப்பு. எதிலுமே எரியவில்லை என்றால் பேட்டரிப் பக்கமாக ஒவ்வொரு மேஜையாகப் பின்னால் போங்கள்.

மோட்டாரேதான் குற்றவாளி என்றாலும் உடனே தூக்கில் போட வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் சுத்துகிறதா? உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. 'கீச்' என்றால் புஷ் காய்ந்திருக்கிறது. 'டக டக' என்றால் உள்ளே வேப்பிலைச் சருகோ, எலி கட்டிய வீடோ இருக்கும். பழைய வண்டியை ஒரு மாசம் சும்மா நிறுத்தினால் எலி வாடகை பேசாமலே குடிவந்துவிடும்.

இன்னொன்று. ரெசிஸ்டரைக் கழற்றும்போது அதன் பிளக் பழுப்பேறி உருகி இருந்தால் புது ரெசிஸ்டரோடு நிறுத்தாதீர்கள். தளர்ந்த பிளக்கோ, இறுகிய மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுப்பதோ காரணமாக இருக்கும். எரிந்ததை மட்டும் மாற்றி, எரித்ததை விட்டுவைத்தால் புதுசும் அதே வழியில் போகும். "எது போச்சின்னு பாக்கறவன் கைவேலைக்காரன் தம்பி, ஏன் போச்சின்னு பாக்கறவன்தான் மெக்கானிக்" என்பார்கள் எங்கள் பக்கத்து அண்ணாச்சிகள்.

ஃபேன் சுத்துகிறது, ஆனால் சூடு வரவில்லை என்றால் இதுவரை சொன்ன எதையும் தொடாதீர்கள். கூலன்ட் குறைவு, திறந்தபடியே நின்றுபோன தெர்மோஸ்டாட், அடைத்த ஹீட்டர் என்று அது வேறு டிபார்ட்மென்ட். உள்ளே இனிப்பு வாசனையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஆவி படிந்தால் ஹீட்டரே ஒழுகுகிறது. துண்டால் துடைத்துக்கொண்டு நாள் கடத்தாமல் பட்டறைக்கு விடுங்கள்.

ஏரல்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2023 டிசம்பர் 17, 18-ல் மார்கழி பிறந்த கையோடு வந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்து, ஏரல் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்தது. அப்படி ஒரு தண்ணியில் நின்ற வண்டிக்கு முதல் எதிரி சாவிதான். 'ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்பம்' என்கிற ஆசையை அடக்கி, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ப்ளோயர் மோட்டார் பல வண்டிகளில் இடப்பக்கத்து ஆளின் காலடிக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சீட் நனைந்திருந்தால் அதுவும் குளித்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்குகளைக் கழற்றிக் காயவைத்து, பச்சைக் களிம்பைச் சுத்தம் பண்ணாமல் விட்டால் வண்டி அன்றைக்கு ஓடும். கோளாறு அடுத்த ஐப்பசி மழையில், ராத்திரியில், பாலத்து மேல் வைத்துத் தலைகாட்டும்.

அதனால், இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவின் பழைய பிக்கப்பில் ஏறி ஃபேனை ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போட்டுப் பாருங்கள். வெயில் காலத்திலேயே பாருங்கள். ரெண்டு நிமிஷ வேலை. "என்னலே, மெட்ராஸ்ல இருந்து வந்து ஹீட்டர் போடுத?" என்று அப்பா முறைப்பார். முறைக்கட்டும். மழைக்காலத்தில் ராத்திரி லோடு ஓட்டப்போகிறவர் நீங்கள் இல்லை, அவர்தான்.