பழைய ப்ளேஸ்டேஷனுக்குப் புது ரிமோட்... ஒத்துப்போகுமா?

கோடை விடுமுறைக்கு சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டால், குன்றக்குடி வீட்டுப் பரணிலிருந்து பழைய ப்ளேஸ்டேஷன் 2 கீழே இறங்குவது உண்டு. பெட்டி நன்றாகவே ஓடும். 'ரிமோட்' என்று பிள்ளைகள் சொல்லும் கன்ட்ரோலர்தான் காலை வாரும். உடனே யாராவது தங்கள் பையிலிருக்கும் பிஎஸ்4 கன்ட்ரோலரைச் செருகிப் பார்ப்பார்கள்.

முன்பக்க யுஎஸ்பி துளையில் ஒயர் கச்சிதமாகப் பொருந்தும். சார்ஜ்கூட ஏறலாம். ஆட்டம் மட்டும் அசையாது. 2000-ல் வெளியான பிஎஸ்2, கன்ட்ரோலருக்கென்றே தனி சாக்கெட் கொண்டது. ஸ்டீயரிங் வீல் போன்ற சிலவற்றைத் தவிர, யுஎஸ்பியில் வரும் கட்டளையை அதன் ஆட்டங்கள் கண்டுகொள்ளாது.

இதற்கு வழி, அடாப்டர். புது கன்ட்ரோலர் ப்ளூடூத்தில் அனுப்பும் கட்டளையை, பிஎஸ்2-வுக்குப் புரியும்படி மாற்றித் தரும் சின்னக் கருவி அது. 8பிட்டோ போன்ற நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன.

ஆனால், அடாப்டராலும் ஈடுகட்ட முடியாத ஒன்று உண்டு. பிஎஸ்2-வின் ஒரிஜினல் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 2, பட்டனை விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் அளக்கும். கிரான் டூரிஸ்மோ 3-ல் மெல்ல அழுத்தினால் கார் மெல்லப் போகும். அழுத்தி மிதித்தால் சீறும். பிஎஸ்4 கன்ட்ரோலரில் பின்பக்கமுள்ள எல்2, ஆர்2 தவிர மற்ற பட்டன்களுக்கு இந்தத் திறன் இல்லை. அவற்றுக்குத் தெரிந்தது இரண்டுதான்: அழுத்தம் உண்டு, அல்லது இல்லை. சண்டை ஆட்டங்கள் பலவற்றுக்கு இது போதும். கார் பந்தயப் பிரியர்களுக்கு ஏமாற்றம்தான்.

குறைந்த விலையில் கிடைக்கும் டூப்ளிகேட் கன்ட்ரோலர்களிலும் இந்தக் குறை இருக்கலாம். மேலே அச்சிட்ட பெயரை நம்பாமல், காரைக்குடி கடையிலேயே ஓர் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

அதற்கும் முன்னால், பழையதைக் கழற்றிப் பார்ப்பது மேல். உள்ளே பிளாஸ்டிக் ஃபிலிமைத் தாங்கும் பஞ்சு நாளடைவில் அமுங்கிவிடுவதால்தான் பல நேரம் பட்டன்கள் மக்கர் செய்கின்றன. அதன் கீழே சிறு டேப் துண்டை ஒட்டினாலே உயிர் வந்துவிடலாம்; மொபைல் ரிப்பேர் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

2013-லேயே பிஎஸ்2 உற்பத்தி நின்றுவிட்டது. எனவே, பழுதான ஒரிஜினலை அவசரப்பட்டுப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம்!